அவர் தட்டினார்

அவர் தட்டினார். என் இடது தொடையின் உட்புறத்தில், இரண்டு விரல்களால், இரண்டு முறை. நான் அதை உணர்ந்தேன். உணர்ந்தும் பிடியை விடவில்லை. பிறகு கூடியிருந்தவர்கள் கேட்டபோது, அவர் தட்டவே இல்லை என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த தவறுகள் பல உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இதற்கு முடியவில்லை. இன்றும் சில நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த இடத்தில் யாரோ தொட்டது போல இருக்கும். குனிந்து பார்ப்பேன். வேட்டியின் மடிப்புதான் இருக்கும்.

அவரை நாங்கள் எல்லோரும் சுபேதார் என்றுதான் அழைத்தோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரகடத்தில் நான் மனிதவளப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் காவல் நிறுவனம் ஒன்றின் மூலமாக வந்தவர். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டோ மூன்றோ வயது இளையவர். படையணியில் மல்யுத்த வீரராக இருந்ததால் காது இரண்டும் நசுங்கி, காய்ந்த காளான் போல இருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அந்தக் காதைப் பார்த்துவிட்டு, ஏதோ விபத்து என்று நினைத்து அனுதாபப்படுவார்கள். அவரும் மறுக்க மாட்டார். "பொண்டாட்டி திருகினது தம்பி, நீயும் பாத்து நடந்துக்கோ" என்பார்.

நான் கல்லூரி நாட்களில் சென்னையில் ஜூடோ பயின்றவன். கறுப்புப் பட்டை வாங்கும்வரை விடாமல் போனேன். அதன்பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று அது பெட்டிக்குள் போய்விட்டது. ஒரகடத்துக்கு வந்தபோது எனக்கு ஐம்பது கடந்திருந்தது. சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வயல்களின் நடுவே ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய தகரக் கொட்டகை முளைத்தது. விடுதிகளில் ஓர் அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தெற்கிலிருந்து வந்த இளைஞர்கள். ஷிப்ட் முடிந்தால் அவர்களுக்குப் போக இடம் கிடையாது. கைப்பேசியில் யாரோ ஏற்றிக் கொடுத்த எம்.எம்.ஏ. சண்டைக் காட்சிகளைப் பார்ப்பார்கள். குத்து, உதை, மல்யுத்தம், ஜூடோ எல்லாம் கலந்த போட்டி. பார்த்ததை விடுதி அறையில் ஒருவர்மீது ஒருவர் செய்தும் பார்த்தார்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்கு வந்தான். இன்னொருவனுக்கு விலா எலும்பில் விரிசல். தடுத்தால் நிற்காது என்று எனக்குத் தெரிந்தது. உணவுக் கூடத்துக்குப் பின்னால் காலியாக இருந்த ஓர் அறையில் மேட் போட்டு, முறையாகச் செய்யட்டும் என்று நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினேன். அந்த அறையில்தான் சுபேதாரும் நானும் நண்பர்களானோம்.

நட்பு என்றால், எந்நேரமும் சண்டைதான். எம்.எம்.ஏ. போட்டிக்கு எந்தக் கலை நல்ல அடித்தளம் என்பது எங்கள் வாதம். தேநீர் இடைவேளையில் தொடங்கினால் சைரன் ஊதும்வரை ஓயாது. மல்யுத்தக்காரன் காலைப் பிடித்து எவனையும் தரைக்குக் கொண்டுவந்துவிடுவான், எங்கே சண்டை நடக்க வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்கிறான் என்பது அவர் கட்சி. கீழே கொண்டுவந்த பிறகு என்ன செய்வான், அவனிடம் கைப்பூட்டும் கிடையாது, கழுத்து நெரிப்பும் கிடையாது, ஜூடோவில் இரண்டும் உண்டு என்பது என் கட்சி. "உங்க ஜூடோவுக்கு எதிராளி கோட்டு போட்டிருக்கணுமே சார். அங்க எவன் கோட்டு போடுதான்? வெத்து உடம்பு, வேர்வை. என்னத்தப் புடிப்பீங்க, காதையா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தன் காதையே தொட்டுக் காட்டுவார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். குத்துச்சண்டை தெரிந்த ஒரு வெல்டர் இருந்தான். "ரெண்டு பேரும் கட்டிப் புடிக்கறதுக்குள்ள நான் ஒண்ணு வுட்டா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று நடுவில் புகுவான். அவனை இருவரும் சேர்ந்து அடக்குவோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

இத்தனை ஆண்டுகள் கழித்து யோசித்தால் நாங்கள் இருவருமே ஒன்றைத் தவறவிட்டோம் என்று தோன்றுகிறது. எந்தக் கலையும் அது முடியும் இடத்தில்தான் உடம்பைப் பழக்குகிறது. மல்யுத்தத்தில் எதிராளியின் இரு தோள்களும் தரையைத் தொட்டால் முடிந்தது. ஜூடோவில் முதுகு தரையில் பட விழச் செய்தால் முடிந்தது. முடிந்தது என்று பழகிய இடத்தில் உடம்பு தானாக ஓய்ந்துவிடும். எம்.எம்.ஏ.வில் அந்த இரண்டு இடங்களிலும் எதுவும் முடிவதில்லை. நேரம் தீர வேண்டும், நடுவர் நிறுத்த வேண்டும், இல்லையேல் அகப்பட்டவன் தட்ட வேண்டும். அவன் தட்டினால் மற்றவன் விட வேண்டும். அந்த விளையாட்டின் மிருகத்தனம் முழுவதையும் அந்தச் சின்னத் தட்டல்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது.

சுபேதாருக்குத் தட்டத் தெரியாது. முதன்முதலாக மேட்டில் அவர் கையை நான் பூட்டியபோது முகம் கறுத்து, நரம்பு புடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பயந்துபோய் நானே விட்டுவிட்டேன். "ஏன் தட்டவில்லை?" என்றேன். "எங்க மல்யுத்தத்துல தட்டுதது கிடையாது சார். முதுகு மண்ணுல பட்டுச்சா, இல்லையா, அவ்ளோதான். வலிக்கின்னு சொல்லுதவன கோதால யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றார். நான் அவருக்கு விளக்கினேன். தட்டுவது தோல்வி இல்லை. நீங்கள் உங்கள் கையை என்னிடம் கொடுக்கிறீர்கள். தட்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் இரண்டு பேரும் முழு பலத்தோடு விளையாட முடியும். நான் சொன்னது இதுதான். நன்றாகப் பேசக்கூடியவன் நான்.

அவர் பழகிக்கொண்டார். எளிதாக வரவில்லை. அவமானத்தை விழுங்குவது முகத்தில் தெரியும். எல்லோரும் உள்ளங்கையால் படபடவென்று மேட்டில் அடிப்பார்கள். அவர் இரண்டு விரல்களால், தூங்குகிறவரை எழுப்பத் தயங்குவது போல, என் உடம்பின்மேல் மெல்லத் தொடுவார். மற்றவர்கள் கண்ணில் படாமல் எனக்கு மட்டும் தெரியும்படி. ஒருமுறைகூட அது எனக்கு உறைக்காமல் போனதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஶ்ரீபெரும்புதூரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தார் தொழிற்சாலை இளைஞர்களுக்காக எம்.எம்.ஏ. போட்டி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நம் அணியை ஜூடோவில் தயார் செய்வதா மல்யுத்தத்திலா என்று கேள்வி எழுந்தது. பையன்களுக்குள் இரண்டு கட்சி. "சார், வாயிலயே எவ்ளோ நாளு போட்டுக்கினு இருப்பீங்க? நீங்களும் சுபேதாரும் ஒருவாட்டி மோதிக் காட்டுங்க, ஜெயிக்கிறவர் ஸ்டைலு" என்றான் வெல்டர். குத்தும் உதையும் வேண்டாம், மற்றபடி எம்.எம்.ஏ. விதிகள் என்று முடிவாயிற்று. ஆயுதபூஜை அன்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அன்றைக்குத் தொழிற்சாலை வேறு இடம்போல இருக்கும். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். ஃபோர்க்லிப்ட் வண்டியின் முகத்தில் மாலை. வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு காயாமல் கிடக்கும். குடும்பத்தாரை உள்ளே விடும் ஒரே நாள் என்பதால் குழந்தைகள் பொரி கடலைப் பொட்டலத்தோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். என் மனைவி வந்திருந்தாள். சுபேதாரின் மனைவியும் வந்திருந்தார். இருவரும் அருகருகே உட்கார்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சரக்கு அனுப்பும் கூடத்தில் மேட் விரித்திருந்தது. மரப்பலகை அடுக்குகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் பையன்கள். பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசரை நடுவராகப் போட்டோம். ஊதுவதற்கு அவரிடம் விசில் இருந்தது, அது ஒன்றுதான் தகுதி.

தொடங்கிய சிறிது நேரத்திலேயே எனக்கு ஒரு நல்ல எறிதல் கிடைத்தது. அவர் இடுப்பு என் இடுப்பின்மேல் ஏறிச் சுழன்று முதுகு முழுவதும் மேட்டில் விழுந்தது. இளமையில்கூட அப்படிச் சுத்தமாக எறிந்ததில்லை. நிமிர்ந்து நின்றேன். பார்வையாளர்களைப் பார்த்துச் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். ஜூடோவில் அது முடிந்த ஆட்டம். அங்கே முடியவில்லை. கீழே கிடந்தவர் என் இரு கால்களையும் வாரிக்கொண்டார். மல்லாக்க விழுந்தேன். எழுந்தேன், மறுபடி வாரினார். மறுபடி விழுந்தேன். மூன்றாவது முறை என்மேலேயே படுத்துவிட்டார். அந்தக் கனத்தில் மூச்சு விட முடியவில்லை. கூட்டம் கத்தியது.

"எச்.ஆரு படுத்துட்டாருபா!"

"லீவு லெட்டர் குட்துட்டுப் படு சார்!"

"நமக்கு லீவு கேட்டா மட்டும் மூஞ்சத் தூக்குவாரு, இப்போ பாரு எப்டித் தூங்கறாரு!"

கூடமே அதிர்ந்தது. வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். என் மனைவியும் சிரித்ததைக் கேட்டேன். மூன்று ஆண்டுகளாக இந்த மனிதரோடு சிரித்துப் பேசியிருக்கிறேன். அந்த நேரம் அவர் எனக்கு வாசலில் நின்று சல்யூட் அடிக்கும் ஓர் ஆளாக மட்டுமே தெரிந்தார். அந்த ஆள் என்னை எல்லோர் முன்னிலும் கீழே போட்டுவிட்டார். அந்த எண்ணம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு அவர் தன் தவறைச் செய்தார். என் தோள்களை மேட்டோடு அழுத்தி, வலது கையை நேராக நீட்டி என் மார்பில் ஊன்றிக்கொண்டு, விசிலுக்காகத் தலையை நிமிர்த்தினார். முப்பது வருட மல்யுத்தப் பழக்கம். தோள் தொட்டுவிட்டது, அவர் உடம்புக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. நீட்டிய கை எனக்கு முன்னால் இருந்தது. இரு கைகளாலும் அதைப் பற்றி, இடுப்பைத் திருப்பி, காலை அவர் தலைக்குமேல் போட்டேன். கை என் இரு தொடைகளுக்கும் நடுவில் வந்துவிட்டது. முழங்கை நேராகப் பூட்டிக்கொண்டது.

நடுவர் என் வலப்பக்கம் நின்றார். சுபேதாரின் இடது கை மறுபக்கம், அவர் உடம்புக்கும் என் தொடைக்கும் நடுவில் இருந்தது. அங்கே அவர் தட்டினார். வழக்கம்போல மெதுவாக, எனக்கு மட்டும். யாருக்கும் தெரியவில்லை. நான் நினைத்தது இவ்வளவுதான்: எல்லோரும் பார்க்கும்படி தட்டு. நான் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள் அல்லவா, இதையும் பார்க்கட்டும். நான் இடுப்பை உயர்த்தினேன். அவர் மறுபடி தட்டினார், அதே இரண்டு விரல், அதே மென்மை. இன்னும் உயர்த்தினேன். ஈரமான கயிறு அறுவது போல ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் விட்டேன்.

அவர் கத்தவில்லை. கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் சுருண்டு கிடந்தார். சூப்பர்வைசர் வெளிறிப்போய், "தட்டினாரா சார்?" என்று என்னைக் கேட்டார். "இல்ல. தட்டவே இல்ல" என்றேன். அந்தப் பதில் என் வாயில் தயாராக இருந்ததுதான் எனக்கு இன்றும் அச்சமாக இருக்கிறது. சுபேதார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததுபோல இருந்தது. பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "ஆமா. நான் தட்டல" என்றார்.

முழங்கை விலகி, தசைநார் கிழிந்திருந்தது. நெடுஞ்சாலை மருத்துவமனையில் கட்டுப்போட்டார்கள். குணமானபோது கை நிமிரவே இல்லை, எப்போதும் பாதி மடங்கியே இருந்தது. சல்யூட் அடித்தால் கோணலாக வரும். வாசல் தடுப்புக் கம்பியை இடது கையால் தூக்குவார். காவல் நிறுவனம் அவரை மாற்றப்போவதாகச் சொன்னபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. தினம் காலையில் அந்தக் கோணல் சல்யூட்டைத் தாண்டி அலுவலகத்துக்குள் போவது என்னால் முடியாமல் இருந்தது. அவரைச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். மேட் அறையையும் நானே பூட்டினேன். பாதுகாப்புக் காரணம் என்று அறிவிப்பு ஒட்டினேன்.

ஆனால் அவர் கதை அவரை விட்டுப் போகவில்லை. கை முறிந்தாலும் தட்டாத மனிதர் என்று பையன்கள் அவரைப் பற்றிச் சொன்னார்கள். சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தருகில் ஒரு டீக்கடையில் சாயங்காலம் அவரைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்களாம். மாஸ்டர் என்று கூப்பிட்டார்களாம். "கை கீதா, போச்சா, அத்த வுடு. மனுசன் தட்டலியே!" என்று வெல்டர் என்னிடமே பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பொய் பெருகிக்கொண்டே போகிறது என்றுதான் பட்டது. அந்தப் பொய்யை முடிக்காமல் ஓய்வு பெறக்கூடாது என்று தீர்மானித்தேன்.

நான் பணியில் இருந்த கடைசி ஆயுதபூஜையில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அதே கூடம், அதே சந்தன வாசனை. சொன்னேன். அன்று சுபேதார் தட்டினார், இரண்டு முறை தட்டினார், எனக்குத் தெரிந்தது, நான் விடவில்லை, பொய் சொன்னேன், அவர் கை போனதற்கு நான்தான் பொறுப்பு. உட்கார்ந்துவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்போ சுபேதாரு தட்டிட்டாரா?"

அது ஒன்றுதான் கூட்டத்தில் பரவியது. ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு. நான் விடாததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிறகு யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டாரே, பெரிய மனசு சார் உங்களுக்கு என்று பொது மேலாளர் என் கையைக் குலுக்கினார். என்னை அந்தக் கூடம் ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிட்டது. சொல்வதற்கு முன் சுபேதாரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வடக்குப்பட்டில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். முன்பெல்லாம் வாங்க அண்ணாச்சி என்று வாய் நிறையச் சொல்லுகிறவர், வழியை மறித்து நின்றார். "அத ஏன் அண்ணாச்சி மைக்குல சொன்னீய? ஒங்க ரெண்டு பேருக்குள்ள இருந்தத ஊருக்கே ஏன் சொன்னீய? இந்த மனுசன் டீக்கடப் பக்கமே போவமாட்டேங்காரு. என்ன மாஸ்டர், தட்டிட்டீராமேன்னு சின்னப் பயலுவ எல்லாம் கேக்கானுவ" என்றார். உள்ளிருந்து "விடு, சார் உள்ள வரட்டும்" என்று குரல் கேட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் நின்றுகொண்டே பேசினேன். உண்மை வெளியே வரவேண்டும் என்று நினைத்தேன், உங்களுக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"ஒங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு சார். நல்லதுதான். அன்னைக்கு நீங்க தட்டலன்னு சொன்னப்ப, சரி, கையத்தான் எடுத்துக்கிட்டாரு, பேர எனக்கு விட்டுட்டாருன்னு நெனச்சேன். அதான் நானும் ஆமான்னேன். அத வச்சுத்தான் இத்தன நாளு வெளிய தல நிமிந்து போனேன். இப்ப அதையும் நீங்களே வந்து எடுத்துக்கிட்டீங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது வேலைக்குச் சொல்கிறேன், நல்ல மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்று என்னென்னவோ அடுக்கினேன். எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு ஓர் ஆண்டு கழித்து மறுபடி போனபோது வீடு பூட்டியிருந்தது. ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் என்பதற்குமேல் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது தொலைக்காட்சியில் எம்.எம்.ஏ. போட்டிகள் வருகின்றன. என் பேரன் வைத்துப் பார்ப்பான். மல்யுத்தமா ஜூடோவா என்று அவனும் என்னைக் கேட்கிறான். ஒருவன் கை பூட்டப்பட்டதும் நடுவர் முகத்தை மிக அருகில் கொண்டுபோய், விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் அந்த விரல்களைத்தான் பார்க்கிறேன்.

வடக்குப்பட்டு வீட்டில் அன்று மாலை, பேச எதுவும் மிச்சம் இல்லாதபோது, நான் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். மடங்கிய அந்தக் கையை என் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, மன்னித்துவிடுங்கள் சுபேதார், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் இடது கையைக் கொண்டுவந்து, என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டினார். இரண்டு முறை.

விட்டுவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார்.